அடுமனையார் வாங்கிய மரக்கலம்

கீழ்வானின் விளிம்பில் வெண்மை கசிந்து, நீருக்கும் விண்ணுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல ஒளி பரவத் தொடங்கும் வேளையில், அத்துறைமுக நகரம் உறக்கம் கலைந்து மெல்ல எழும். ஒன்றையொன்று உரசி முனகும் மீன்படகுகளும், கிறீச்சிட்டு மேலேறும் கிடங்குகளின் இரும்புக் கதவுகளும், பாசி படர்ந்து வழுக்கும் கருங்கற் படிகளும், அலைதடுப்புச் சுவரின்மேல் வரிசையாய் அமர்ந்து இறகு கோதும் கடற்புட்களும் கண்ணுக்குப் புலனாகுமுன்னரே, துறைத்தெருவின் முனையிலிருந்த அடுமனையில் வேகும் ரொட்டியின் மணம் காற்றோடு கலந்து, உப்புநீரின் வாடையை வென்று, மாடிகள்தோறும் ஏறி உறங்குவோரை எழுப்பும்.

அத்துறையின் கோடியில், நெகிழியால் வார்த்த வெண்படகுகள் பல நெருங்கி நிற்கும் வரிசைக்கு அப்பால், மரத்தால் ஆன உலாக்கலம் ஒன்று தனித்து நின்றது. நீண்டு ஒடுங்கிய உடலும், நீரைக் கிழிக்கவென்றே செங்குத்தாய் நிமிர்ந்த முகப்பும், வளைந்து குவிந்த பின்புறமும், தேன்நிறம் பூண்ட தேக்குத் தளமும், பித்தளை விளிம்பிட்ட வட்டப் பலகணிகளும் உடையதாய், வயிற்றுள் இரு பொறிகளைத் தாங்கி, நகரின் முதியோர் பிறக்குமுன்னரே நீரில் இறங்கிய கலம் அது. அப்பொறிகள் இயங்குங்கால் எழும் ஓசை, விரைந்து அலறும் இக்காலத்துப் பொறிகளின் ஓசை போலாது, இரு முழவுகளைக் கைதேர்ந்தவன் ஒருவன் மாறி மாறி அறைவது போல, கேட்பவர் நெஞ்சுக்கு அடியில் ஒலிக்கும்.

அக்கலத்துக்கு உரியவர், முன்சொன்ன அடுமனையின் தலைவரே. ஊரார் அவரை அடுமனையார் என்றே அழைப்பர். பருத்த உடலும், அடுப்பின் தழும்பேறிய முன்கைகளும், சொற்கள் குறைந்த நாவும் உடைய அவர், படகுகளை உடைத்துப் பலகையாய் விற்கும் முற்றம் ஒன்றுக்கு ரொட்டி கொண்டு சென்ற காலை, கிழிந்த தார்ப்பாயின் அடியில் அக்கலத்தின் முகப்பைக் கண்டு, கூடையைக் கீழே வைத்தவர் வைத்தவாறே நின்றுவிட்டார். அன்று அவரை நிறுத்தியது யாது என்று பின்னர்ப் பலர் வினவியும் அவரால் விடை கூற இயலவில்லை. கற்றறிந்த நீவிர் அதனை எளிதில் உணர்வீர். அச்சில் ஊற்றி எடுத்த பொருளுக்கு ஒரு முகமே உண்டு. ஒவ்வொரு மரத்தின் இழையோட்டத்தையும் கையால் தடவி, வளைய விரும்பும் பலகையை வளைத்தும், நேராய் நிற்க விரும்பும் பலகையை நிமிர்த்தியும் இணைத்த பொருளுக்கோ, இணைத்தவர் மறைந்த பின்னும் உயிர்ப்பு ஒன்று எஞ்சி நிற்கும். அவ்வுயிர்ப்பே அவரைப் பற்றியது.

பற்றியது விடவும் இல்லை; கலத்தை விலைக்கு வாங்கித் துறையில் கொண்டுவந்து நிறுத்தினார். நண்பகலில் அடுமனையின் வேலை ஓய்ந்ததும் துறைக்குச் சென்று, தளத்தைத் தேய்த்தும், மெருகெண்ணெய் பூசியும், பலகை இணைப்புகளில் பஞ்சுத்திரி அடைத்தும், பொறிகளின் எண்ணெய் மாற்றியும், அடிவயிற்றில் ஊறிய நீரை இறைத்தும் மாலைவரை உழைப்பார். ஓரிடத்தைச் செப்பனிட்டு நிமிர்வதற்குள் மற்றோரிடம் வாய் பிளக்கும். அதனையும் முகம் சுளிக்காது அடைப்பார். வானம் தெளிந்த நாள்களில் தனியே கலத்தைச் செலுத்தி, எதிரே தெரியும் தீவை ஒருமுறை சுற்றித் திரும்புவார். அவ்வாறு திரும்பும்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவைக் கண்டோர், அவருக்கு வேறு குறையே இல்லை என்று கருதுவர்.

குறை ஒன்று இருந்தது. அவருடைய மனைவி அக்கலத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மகப்பேறு பார்க்கும் மருத்துவச்சியாகிய அவ்வம்மையார், நகரின் பாதிப் பிள்ளைகளைத் தம் கையில் ஏந்தியவர். குருதிக்கும் அலறலுக்கும் கலங்காதவர். ஆயினும் இளமையில் படகினின்று தவறி விழுந்து மூச்சுத் திணறிய நாள் தொட்டு, கடல் என்றால் கரையிலேயே நின்றுவிடுவார். அவருடைய அண்ணனோ தீவுக்கும் நகருக்கும் பயணிகள் படகு செலுத்துபவர். கேலிப் பேச்சில் வல்லவர். “ஏன் மாப்பிள்ள, வீட்டுல ஒருத்தி இருக்கும்போது துறையில இன்னொருத்திய வச்சுப் பவுடர் பூசிட்டு இருக்கீங்களே, நியாயமா?” என்று அவர் சிரிக்க, அடுமனையார் தலைகுனிந்து புன்னகைக்க, அம்மையார் மட்டும் கையிலுள்ள வேலையை நிறுத்தாமல், “சக்களத்தி வீட்டுக்கு நான் எதுக்குண்ணா போகணும்?” என்று முடித்துவிடுவார். அது விளையாட்டுப் பேச்சே எனினும், கணவர் கலத்துக்குச் செல்லும் மாலைகளில் அவ்வில்லத்தின் கூடம் சற்றே வெறிச்சோடும் என்பதை இருவரும் அறிவர். இருவரும் அதனைச் சொல்லியதில்லை.

இவ்வாறு இருந்த நாளில் தென்மேற்கிலிருந்து பெருங்காற்று எழுந்தது. கடல் சாம்பல்நிறம் கொண்டு, மலைத்தொடர் பெயர்ந்து வருவது போல அலைகளை உருட்டி, அலைதடுப்புச் சுவரில் மோதி நுரையைத் தெருவரை எறிந்தது. பயணிகள் படகை நிறுத்துமாறு துறைமுகத் தலைவர் ஆணையிட்டார். அன்று நண்பகல், தீவிலிருந்து அம்மையாருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அங்குள்ள பள்ளியின் ஆசிரியை நிறைசூலி. குழந்தை தலை மேலும் கால் கீழுமாய் வயிற்றில் அமர்ந்திருப்பதை, அவள் நகருக்கு வந்திருந்தபோதே கண்ட அம்மையார், அடுத்த கிழமை அவளை நகர மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தார். நாள் வருமுன்னரே வலி வந்துவிட்டது. தீவிலோ காயத்துக்குக் கட்டுப்போடும் அளவுக்கே மருந்தகம். மீட்புப் படகு, கவிழ்ந்த மீனவர் சிலரைத் தேடி வடக்கே வெகுதொலைவு சென்றிருந்தது.

அம்மையார் தம் பையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினார். அவர் படகோ அகன்று தட்டையானது, காற்றைப் பாய்போல் வாங்கும் உயர்ந்த பக்கங்கள் உடையது. அவ்வலையில் அது புரண்டுவிடும் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். வேறு எந்தப் படகும் போகாதா என்று தங்கை கேட்டபோது, அவர் கேலி அறவே நீங்கிய முகத்துடன் கடலை நோக்கினார்.

“ஒண்ணு போகும்,” என்றார் பின்னர். “அடி ஆழம், எடையும் ஜாஸ்தி. இந்த மாதிரி கடலுக்குன்னே கட்டினது. உனக்குத்தான் அதைப் பிடிக்காது.”

அடுமனையின் உள்ளே மாவு படிந்த கைகளுடன் நின்ற கணவரிடம் அம்மையார் வந்து நின்றபோது, அவர் நிகழ்ந்ததைக் கேட்டு, மேலாடையைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

“கப்பல் போகும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீ வருவியா?”

“நான் வராம அங்க யாருங்க பிரசவம் பார்க்குறது?” என்றார் அம்மையார், பையைத் தோளில் மாட்டியவாறே.

பொறியறையில் அண்ணனும், சுக்கானில் கணவரும் நிற்க, அம்மையார் சுக்கானறையின் பித்தளைக் கைப்பிடியைப் பற்றிக் கண்களை மூடிக்கொண்டார். அலைதடுப்புச் சுவரைக் கடந்ததும் முதற் பேரலை வந்தது. கலம் அதனைத் துள்ளித் தாண்ட முயலவில்லை; முகப்பை அலையின் மார்பில் ஊன்றி, நீரை இருபுறமும் பிளந்து, ஏறி, ஒரு பெருமூச்சு விட்டாற்போல மறுபுறம் இறங்கியது. அடுத்ததும் அவ்வாறே. சற்று நேரம் கழித்துக் கண் திறந்த அம்மையார் கடலைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். இல்லத்தில் பேசவும் தயங்கும் அம்மனிதர், அலை வருமுன்னே அதன் வரவை உணர்ந்து, சுக்கானை இம்மியளவே திருப்பி, பிசைந்த மாவின் பதத்தை விரலால் அறிவது போல நீரின் பதத்தை அறிந்து, அமைதியாய் நின்றார். இத்தனை ஆண்டுகள் மாலைதோறும் இவர் எங்கே சென்றார் என்பது அம்மையாருக்கு அன்றுதான் விளங்கியது.

தீவின் சிறு துறையில் அணைவதுதான் கொடிது. அலை தூக்கி எறிய, கலத்தின் இடப்பக்கம் கல்லில் மோதிற்று. பலகை முறியும் ஓசை இடியெனக் கேட்டது. அடுமனையாரின் முகம் தம் விலாவே முறிந்தாற்போலச் சுருங்கியது. ஆயினும் அவர் சுக்கானை விடவில்லை. ஆசிரியையை அவள் கணவன் இரு கைகளிலும் ஏந்திவந்து, கலம் மேலெழுந்த நொடியில் அம்மையாரிடம் ஒப்புவித்துத் தானும் தாவி ஏறினான். பிளவின் வழியே நீர் கசிவதைக் கண்ட அண்ணன், நீர் இறைக்கும் ஏற்றப்பொறியின் கைப்பிடியை அவனிடம் கொடுத்து, பிள்ளை பிறக்கும் வரை இதைவிட நல்ல வேலை அவனுக்குக் கிடைக்காது என்று சொல்ல, அவ்விளைஞன் அழுதுகொண்டே இறைக்கத் தொடங்கினான்.

திரும்பும் வழியில், அலை பக்கவாட்டில் தாக்கியது. கீழறையில், மரக்கட்டிலின்மேல் ஆசிரியை உருண்டு துடித்தாள். குழந்தை கரைவரை காத்திராது என்பதை அம்மையார் கண்டுகொண்டார். சிறு பாதங்கள் முன்னே வந்துவிட்டன. தோள் வெளிப்பட்டுத் தலை வரும் அந்நேரத்தில் கை பிசகினால் உயிர் பிசகும். அவர் சுக்கானறைக்குச் செல்லும் பேச்சுக்குழாயில் வாய் வைத்தார்.

“என்னங்க, கப்பல் ஆடக் கூடாது. கொஞ்ச நேரம் போதும். எப்படியாவது நிறுத்திக் குடுங்க.”

நடுக்கடலில் அலையை நிறுத்தச் சொல்லும் மனைவியை நகைக்க அவருக்குத் தோன்றவில்லை. “குடுக்குறேன்,” என்றார். சொல்லிவிட்டு, ஊரை நோக்கியிருந்த முகப்பைத் திருப்பி, காற்றுக்கு நேரெதிரே நிறுத்தினார். இரு பொறிகளையும் தணித்து, கலம் முன்னும் செல்லாது பின்னும் தள்ளப்படாது அலையோடு அலையாய் நிற்குமாறு, ஒன்றைக் கூட்டவும் ஒன்றைக் குறைக்கவும் மைத்துனருக்குக் குரல் கொடுத்தவண்ணம் இருந்தார். புரள்வது ஓய்ந்தது. மேலும் கீழுமாய், தொட்டிலின் சீர்மையோடு, கலம் மூச்சுவிடுவதொன்றே எஞ்சியது. அந்த மூச்சின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே, முழங்காலை மரத்தில் ஊன்றி, அம்மையார் குழந்தையின் தோள்களை விடுவித்து, தலையைத் தாழவிடாது தாங்கி வெளியே எடுத்தார். நீலம் பாய்ந்திருந்த அச்சிறுமகள் முதலில் வாளாவிருந்தாள்; பின் முதுகில் விரல் தேய்க்கத் தேய்க்க, சினந்து அழுதாள். ஏற்றப்பொறியின் ஓசை நின்றது; இறைப்பதை நிறுத்தாதே என்று அண்ணன் அதட்டும் குரலும், அக்குரல் உடைந்து போவதும் கேட்டன.

தாயும் சேயும் நலமே மருத்துவமனை சேர்ந்தனர். காயமுற்ற கலம் கரையேற்றப்பட்டு, தச்சரின் கொட்டகையில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டது. ஊரே அடுமனையாரைப் பாராட்டிற்று. அவரோ அதன்பின் கொட்டகைப் பக்கம் செல்லவில்லை. மாலைகளில் இல்லத்திலேயே இருந்தார். இருந்தும் இல்லாதவர் போல் இருந்தார். பொறிகளை எடுத்துவிட்டு அக்கலத்தைக் கரையோர உணவகமாக்க விரும்பிய விடுதிக்காரர் ஒருவர் வந்து கேட்டபோது, நாளைக்குச் சொல்வதாகக் கூறி அனுப்பினார். அதனைக் கேட்ட அம்மையார் மறுநாள் காலை அவரைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார்.

முறிந்த பலகைகள் நீங்கிய இடத்தில் விலா எலும்புகள் போல உள்மரங்கள் தெரிந்தன. அதைப் பாராமல் நிலத்தை நோக்கியவாறு அடுமனையார் பேசினார்.

“அந்தக் கல்லுல இடிச்சப்போ, பக்கத்துல நீ நின்னுட்டு இருந்த. கப்பல் போயிருந்தா நீயும் போயிருப்ப. அத நெனச்சா சுக்கானப் பிடிக்கக் கை வர மாட்டேங்குது. வித்துடலாம்மா. இனிமே வேண்டாம்.”

அம்மையார் பிளவுக்குள் கைநீட்டி, ஈரம் உலர்ந்த மரத்தை, சூலியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பழகிய கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“வித்துட்டா, அடுத்த தடவ நான் எதுல போறது?” என்றார்.

அடுமனையார் நிமிர்ந்து பார்த்தார்.

“பயம் எனக்கு இப்பவும் இருக்குங்க. இருந்துட்டுப் போகட்டும். அந்தக் கட்டில் மட்டும் ரொம்பத் தாழ்வு, குனிஞ்சு இடுப்பு விட்டுப் போச்சு. அத உயர்த்தணும். பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. மேல நல்ல வெளிச்சமா ஒரு விளக்கு. தச்சர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அடுமனையார் தச்சரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, கட்டிலின் உயரம் எவ்வளவு வேண்டும் என்று உள்ளிருந்து வினவினார். தம் இடுப்பில் கைவைத்துக் காட்ட, அம்மையாரும் ஏணியில் ஏறினார்.

விலை கொடுத்து வாங்கிய அன்றே ஒரு பொருள் நமதாகிவிடுவதில்லை. தேய்த்தும் துலக்கியும் காத்தல் அன்பின் ஒரு பாதியே. அதன்மேல் நம் உயிரை ஏற்றிக் கடலில் இறக்குதல் மறுபாதி. காற்று மீண்டும் எழும், பலகை மீண்டும் முறியும், கட்டியவர் கைகளைப் போலவே காப்பவர் கைகளும் ஒருநாள் ஓயும். அதுகாறும், எவர் அழைப்பினும் செல்லும் ஆயத்தத்தோடு, அம்மரக்கலம் நீரில் நிற்கும்.