ஒன்பதாம் கேள்வி

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வியிலிருந்து பிறந்தது. உந்துதல், தரிசனம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது அதுதான்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆலோசனை என்பது பெயர்ப் பலகையில்தான். பாதி நேரம் அழுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், மீதி நேரம் அரசு உதவிக்கான படிவம் நிரப்புவேன். ஒன்பதாம் கேள்வி இப்படிப் போகும்: 'சென்ற மாதத்தில் பிள்ளையின் மிக மோசமான நாளை விவரிக்கவும்.'

அதற்கு என்னைப் போலப் பதில் எழுத ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமை இருந்தது. அதனால்தான் இந்தக் கதையே எழுத வேண்டியிருக்கிறது.)

2

கதைக்கு முதல் தொடக்கம்: 'ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு சின்னப் பறவையைப் போல அவள்'

வரியை அடித்துவிட்டேன். பதினோரு வயதுப் பெண்ணைப் பறவையாக்கினால் எனக்கு வசதி. அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு அவள் எடை தெரியும்.

இரண்டாவது: 'பொறுமையே உருவான அந்தத் தாய்'

இதுவும் ஆகாது. அந்த அம்மாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. துணி தைக்கிறவர். நூல் ஒரே தடவையில் கோக்க வராவிட்டால் ஊசியைத் திட்டுவார். மகளுக்கு அவர் வைத்திருந்த பட்டப்பெயர் மேனேஜர். உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், ஒரு வார்த்தை பேசாமல், வீட்டில் எல்லோரையும் ஓட ஓட வேலை வாங்குகிறாளாம்.

மேனேஜருக்குப் பேச்சு வராது, கழுத்து நிற்காது. சொல்வது புரிகிறதா என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் போன வருடம் அவள் ஒரு காரியம் செய்தாள். அம்மா ஒரு ஸ்பூனின் காம்பில் பஞ்சு வைத்து, மஞ்சள் துணி சுற்றித் தைத்துக் கொடுக்க, அதைப் பிடித்து மசித்த வாழைப்பழத்தைத் தானே சாப்பிட்டாள். வாயில் பாதி, கன்னத்தில் பாதி.

அந்தச் சந்தோஷத்தில் அம்மா ஒன்பதாம் கேள்வியில் அதை எழுதிவிட்டார். முன்னேற்றம் தெரிகிறது என்று காரணம் சொல்லி, தினமும் நாலு மணி நேரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த உதவியாளரை நிறுத்திவிட்டார்கள். ஒற்றை ஆளாகத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. அப்படித்தான் என்னிடம் வந்தார்.

3

படிவத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினேன். ஸ்பூன் பிடித்த அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று அம்மா ஆரம்பித்தார். அது வேண்டாம், அதனால்தான் வினையே வந்தது என்று நிறுத்தினேன்.

"அப்ப பொய் சொல்லணுமா மேடம்?"

"பொய் இல்லம்மா. மோசமானத மட்டும் சொல்றோம், அவ்வளவுதான்."

எழுதினேன். தன் கையால் எதுவும் செய்ய இயலாதவள். தாயை அடையாளம் காண்பதில்லை. இவளால் தாய்க்கு ஒரு நாளும் நிம்மதியில்லை. 'பிறர் பேசுவதைப் புரிந்துகொள்கிறாரா?' என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். இல்லையில் குறியிட்டேன்.

பிறகு வழக்கம்போல வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடுகிறவர் காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது என் தொழில் நேர்மை. ஒவ்வொரு வரிக்கும் அம்மா "ம்" கொட்டினார். மேனேஜர் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்றடி தூரம்.

(இப்படிப் பிள்ளையை வைத்துக்கொண்டே எத்தனை வீடுகளில் படித்திருப்பேன் என்று கணக்கெடுக்க நேற்று உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.)

4

உதவி கிடைத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அம்மா அலுவலகத்துக்கு வந்து, அந்த மஞ்சள் ஸ்பூனை என் மேஜைமேல் வைத்தார். நீங்கள் வந்துபோன நாளிலிருந்து இதைத் தொடமாட்டேன் என்கிறாள், கையில் வைத்தால் விரலை விரித்துவிடுகிறாள் என்றார். தசை தளர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம் என்றுதான் சொன்னாராம்.

"அவளுக்குப் புரிஞ்சிருக்குமா மேடம்?"

புரிந்திருக்கும் என்று சொன்னால், பதினோரு வருடமாக இந்த அம்மா ஏங்கிய செய்தி அது. மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அன்றைக்கும் கேட்டிருக்கிறாள். புரிந்திருக்காது என்று சொன்னால், கை போய்க்கொண்டிருக்கிறது, அடுத்து வேறொன்று போகும். மற்றவர்களுக்கு வழி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் குடிக்கவில்லை. நல்லதாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வியாழக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், அதே இடத்தில் உட்கார்ந்து படியுங்கள் என்றார். நல்லதை நீங்களே அவளிடம் சொல்லலாமே என்று நழுவப் பார்த்தேன்.

"தெனம் சொல்லிட்டுதான் இருக்கேன். ஆனா அன்னைக்கு நீங்க படிக்கப் படிக்க நான் 'ம்' கொட்டினேன்ல. அதையும்தான கேட்டிருப்பா. நீங்க படிங்க, நான் மறுபடி 'ம்' கொட்டணும்."

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் படிக்கிறேன், அவள் ஸ்பூனை எட்டிப் பிடிக்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பச்சைப் பொய் என்பதால் கிழித்துவிட்டேன்.

இரண்டு: படிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, அம்மா மெஷினுக்குத் திரும்பி

மூன்று: நான் போகவில்லை. இரண்டு வியாழக்கிழமைகளாக இந்த முடிவுதான் நடந்துகொண்டிருக்கிறது. முதல் வாரம் காய்ச்சல் என்றேன், அடுத்த வாரம் மீட்டிங் என்றேன். நெஞ்சறியச் சொன்ன பொய்கள்.

எழுத வராமல் இல்லை. எழுத என்னிடம் எதுவும் இல்லை. அவள் முதுகைத்தான் பார்த்தேன், முகம் ஞாபகமில்லை. எது பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்று கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. அவமானமாக இருக்கிறது.

நாளை வியாழன். தாளில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது:

'மேனேஜர், மஞ்சள் ஸ்பூனை நீ முதன்முதலில் பிடித்த அன்றைக்கு உன் அம்மா'

அன்றைக்கு அந்த அம்மா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. சொல்ல ஆரம்பித்தவரை நான்தான் நிறுத்தினேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் மீதியை எழுதிப் படியுங்கள். மனசுக்குள் அல்ல, சத்தமாக. அவள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா "ம்" கொட்டக் காத்திருக்கிறார்.