பெற்றவளுக்கு ஒரு டப்பா ஜெல்லி

அறுபத்தொரு வயது வரை லெட்சுமி பன்றிக்காலைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவள் முகம் சீன முகம். அதனால் கிள்ளான் பாசார் சந்தையில் அவளைப் பார்த்ததுமே பன்றிக்கறிக் கடைக்காரி ஹொக்கியனில் படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். லெட்சுமி வழக்கம்போலக் கையை ஆட்டி, தனக்குச் சீனம் தெரியாது என்று மலாயில் சொன்னாள். கடைக்காரி அப்போதுதான் அவளுடைய பொட்டையும் தாலிச் சங்கிலியையும் கவனித்தாள்.

"ஓ, தமிழ் வீட்டுப் பிள்ளையா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமா. தெர்-கா-தாங் செய்யணும். எந்தக் கால் வாங்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

கடைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். தெர்-கா-தாங் என்பது தியோச்சூச் சீனர்கள் பெருநாளுக்குச் செய்கிற பன்றிக்கால் ஜெல்லி. காலையும் தோலையும் மணிக்கணக்காக வேகவைத்து, அந்தச் சாற்றைக் குளிரவைத்தால் தானாகவே கட்டியாகிவிடும். தன் வீட்டிலேயே இப்போது யாரும் செய்வதில்லை, மருமகளுக்கு அந்த வாடை பிடிக்காது என்றாள் கடைக்காரி. பிறகு முன்னங்கால் இரண்டை எடுத்து, எலும்போடு துண்டு போட்டு, "கொஞ்சமா தண்ணி ஊத்து. பொறுமையா வேகவை" என்று சொல்லிக் கொடுத்தாள்.

லெட்சுமி கிள்ளானை அடுத்த காப்பாரில் ஒரு தியோச்சூ காய்கறித் தோட்டக்காரர் வீட்டில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். பிறந்த பதினோராம் நாள், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மாரியாயிக்கு அவளைக் கொடுத்துவிட்டார்கள். மாரியாயிக்குக் குழந்தை இல்லை. அந்தக் காலத்தில் இப்படி நடப்பது சகஜம்; தோட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. லெட்சுமி தமிழ்ப் பள்ளியில் படித்தாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தாள், லோரி ஓட்டிய கமலநாதனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கினாள். மாரியாயி செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவள்தான் அம்மா. இன்னொருத்தி எங்கேயோ இருப்பாள் என்ற நினைப்பு எப்போதாவது வரும், போய்விடும்.

போன வருடம்தான் ஆ ஹோக் என்பவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். சாலாக் செலாத்தானில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். தான் அவளுக்குத் தம்பி என்றான். காப்பாரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து விசாரித்து விலாசம் கண்டுபிடித்ததாகச் சொன்னான். மற்ற அக்காமார் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்கு எண்பத்து மூன்று. "உன்னப் பாக்கணும்னு கேக்குறாங்க" என்றான் மலாயில். சொல்லும்போது அவன் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டது, கண்ணாடியில் லெட்சுமி தன்னிடமே பார்த்த பழக்கம்.

அவள் போனாள். நாலு தடவை போனாள். ஆனால் பெற்றவளோடு பேசத்தான் முடியவில்லை. கிழவிக்குத் தியோச்சூ மட்டும்தான் வரும். முன்பு தெரிந்த கொஞ்சநஞ்ச மலாயும் வயதானதில் போய்விட்டது. ஆ ஹோக் இருந்தால் மலாயில் மாற்றிச் சொல்லுவான். அவன் பட்டறைக்குப் போய்விட்டால் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழவி சிரிப்பாள். லெட்சுமியின் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். பெற்ற பாசம் என்று லெட்சுமி நினைத்துக்கொள்வாள். பிறகு கிள்ளானுக்குத் திரும்புவாள்.

நாலாவது தடவை போனபோது கிழவி எதற்கோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு ஆ ஹோக் சலித்துக்கொண்டான். "தெர்-கா-தாங் வேணுமாம். என் பொண்டாட்டி போனப்புறம் யாரு செய்யுறா? கடையில வாங்கிக் கொடுத்தா துப்பிடுறாங்க."

"நான் செஞ்சு கொண்டாரேன்" என்று லெட்சுமி சொல்லிவிட்டாள். பேச்சு இல்லாத அந்த வீட்டில் தன்னால் செய்ய முடிந்த ஒன்று கடைசியில் கிடைத்ததே என்றிருந்தது.

வீட்டில் கமலநாதன் முகம் சுருங்கிப்போனது. அவர்கள் வீட்டில் முனீஸ்வரர் படம் உண்டு. பன்றிக்கறி உள்ளே வந்ததில்லை.

"பின்னால வெளி அடுப்புல செஞ்சுக்க. சட்டிய மட்டும் உள்ள கொண்டாராதே லா."

"சரிங்க."

முதல் தடவை எல்லாம் தப்பாகப் போனது. நுரை பொங்கி அடுப்பை அணைத்தது. நுரையை வழித்துவிட்டுத் திரும்பியவள், யோசிக்காமலே மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். நாற்பது வருடம் கறி சமைத்த கை. போட்ட பிறகுதான் உறைத்தது. சாறு மஞ்சளாகிவிட்டது. தண்ணீரும் அதிகம். வெளியிலேயே மூடி வைத்ததை மறுநாள் காலையில் பார்த்தபோது அது அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது.

கமலநாதன் எட்டிப் பார்த்தார். "என்னா இது, ரசமா?"

அவள் அதைச் சாக்கடையில் ஊற்றினாள்.

மறு வாரம் மறுபடி போய் வாங்கினாள். இந்தத் தடவை கடைக்காரி ஒரு துண்டுத் தோலும் சேர்த்துக் கொடுத்தாள். காலில் இருந்த முடியைத் தீயில் வாட்டிச் சுரண்டினாள். ஒரு கொதி வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தாள், கால் முங்கும் அளவுக்கு மட்டும். பூண்டு, கொஞ்சம் கற்கண்டு, மீன் சாஸ். வேறு ஒன்றும் இல்லை. மஞ்சள்தூள் டப்பாவை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றரை மணி நேரம் அடுப்பைச் சிறு தீயில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மேலே மிதந்த கொழுப்பைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருந்தாள். எலும்பிலிருந்து சதை கழன்றது. ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பார்த்தாள். விரலும் கட்டைவிரலும் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன.

இனிக் குளிரவைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் இருந்தது. டப்பாவோடு பின்கதவில் தயங்கி நின்றாள். கமலநாதன் அவளையும் டப்பாவையும் பார்த்தார். எழுந்துபோய் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்த காய்கறியை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூடி நல்லா இறுக்கிப் போட்டியா?"

"போட்டுட்டேங்க."

"வை."

காலையில் டப்பாவைச் சாய்த்தாள். அசையவில்லை. இளம் பழுப்புக் கண்ணாடிக்குள் சதைத்துண்டுகள் நின்றுகொண்டிருந்தன. தட்டினால் மெல்ல நடுங்கியது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

டப்பாவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து ரயில் ஏறினாள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி மாறவேண்டும். அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. சாலாக் செலாத்தான் ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தாள். ஆ ஹோக் வீட்டு மேசையில் மூடியைத் திறந்தபோது உள்ளே வெறும் சூப் இருந்தது.

லெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. ஆ ஹோக் சிரித்தான். "ஃபிரிட்ஜுல வச்சா மறுபடி கட்டியாயிடும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். இரு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான்.

அந்த நேரம் முழுக்க அவளும் கிழவியும் தனியாக இருந்தார்கள். காற்றாடி சுற்றியது. கிழவி இரண்டு மூன்று தடவை எதையோ கேட்டாள். லெட்சுமி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, தெரியாது என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கிழவியின் முகம் கொஞ்சம் வாடியது.

மதியச் சாப்பாட்டுக்கு ஆ ஹோக் திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தான். ஜெல்லி மறுபடி இறுகியிருந்தது. கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டு, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள். கிழவி ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். துப்பவில்லை. இரண்டாவது துண்டும் சாப்பிட்டாள். பிறகு லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேச ஆரம்பித்தாள்.

"என்னா சொல்றாங்க?"

"நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்றான் ஆ ஹோக், அவளைப் பார்க்காமல்.

"இவ்வளவு நேரம் பேசினாங்க. நல்லாருக்குன்னு மட்டுமா?"

ஆ ஹோக் கீழ் உதட்டைக் கடித்தான். "அம்மாவுக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கும், ஒரு நாள் இருக்காது."

"சொல்லு ஆ ஹோக்."

"உன்ன அந்த இந்தியக்காரம்மான்னு நெனைக்கிறாங்க. புள்ளைய வாங்கிட்டுப் போனவங்க. புள்ள பால் குடிக்குதான்னு கேக்குறாங்க. அன்னிக்கி மழையாம். சுத்தியிருந்த துணி நனைஞ்சுபோச்சாம். காய்ச்சல் வந்துச்சான்னு கேக்குறாங்க."

லெட்சுமி தன் கையைப் பார்த்தாள். கிழவி வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது ஞாபகம் வந்தது. மாரியாயியும் கை நிறைய வளையல் போடுவாள்.

அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நாந்தான். நாந்தாம்மா அந்தப் புள்ள." தமிழில் சொன்னாள், மலாயில் சொன்னாள். "நீ சொல்லு, ஆ ஹோக். நல்லா சத்தமா சொல்லு."

அவன் சத்தமாகவே சொன்னான். கிழவி அவனைப் பார்த்தாள், லெட்சுமியின் நரைத்த தலையைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்பதுபோலச் சிரித்தாள். அவன் திரும்பவும் சொன்னான். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் குரல் மாறியது. ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டாள். லெட்சுமியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப என்னா?"

"எதையோ மறைக்கிறீங்கன்னு சொல்றாங்க. புள்ள செத்துப்போச்சான்னு கேக்குறாங்க."

"அய்யோ, இல்ல. இல்லன்னு சொல்லு." லெட்சுமி கிழவியின் கன்னத்தைத் தொட்டாள். "நல்லா இருக்கா. நல்லா பால் குடிக்கிறா. காய்ச்சல் ஒண்ணும் வரலன்னு சொல்லு."

ஆ ஹோக் சொன்னான். கிழவி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல மூச்சு விட்டாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த ஜெல்லியை லெட்சுமியின் பக்கம் தள்ளி ஏதோ சொன்னாள்.

"புள்ளைக்கு எடுத்துட்டுப் போவச் சொல்றாங்க" என்றான் அவன். "பல்லு முளைச்சதும் குடுக்கணுமாம்."

லெட்சுமி அதை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டாள். கிள்ளான் வந்து சேர்வதற்குள் அது மறுபடி கரைந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஓரமாக நின்று டப்பாவை வாயில் வைத்துக் குடித்தாள்.

வீட்டில் கமலநாதன் கேட்டார். "சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"என்னா சொன்னாங்க?"

"கொழந்த நல்லா இருக்கான்னு கேட்டாங்க."

"எந்தக் கொழந்த? நம்ம பையன் கிஷனோட மவளா?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டு போனாள். ஐஸ் கட்டி போட்ட பையில் வைத்தால் பாதிதான் கரைகிறது என்று தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் கிழவி குழந்தையைப் பற்றிக் கேட்டாள். குப்புற விழுந்துவிட்டாள், தவழ்கிறாள், ஒரு பல் முளைத்திருக்கிறது என்று ஆ ஹோக் மூலமாக லெட்சுமி சொல்லிவந்தாள். நாந்தான் என்று சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சொன்னால் கிழவி பயந்துபோனாள், அவ்வளவுதான் நடந்தது.

மார்ச் மாதத்தில் ஆ ஹோக் போன் பண்ணினான். அம்மா விழுந்துவிட்டதாகவும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னான். மூக்குவழியாகக் குழாயில்தான் பால். "ஜெல்லி செய்ய வேணாம்" என்றான்.

அவள் வெறுங்கையோடு போனாள். கிழவி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், லெட்சுமி தமிழில் பேச ஆரம்பித்தாள். குழந்தை பள்ளிக்கூடம் போனாள். கணக்கில் மட்டும் கொஞ்சம் மந்தம். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை நல்லவர், லோரி ஓட்டுகிறார். மாரியாயி அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆ ஹோக் கதவருகே நின்று கொஞ்ச நேரம் கேட்டான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பட்டறையில் ஆள் காத்திருக்கிறது என்று போய்விட்டான்.

அவன் போன பிறகு கிழவி கண்ணைத் திறந்தாள். லெட்சுமியை நேராகப் பார்த்தாள். நாலைந்து வார்த்தை சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

லெட்சுமி வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. போன் பண்ணினாள், ஆ ஹோக் எடுக்கவில்லை. மறந்துவிடக் கூடாதென்று அந்த ஒலிகளை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அவன் வந்ததும் சொல்லிக் காட்டினாள்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "மறுபடி சொல்லு."

சொன்னாள்.

"மொதல்ல சொன்னது வேற மாதிரி இருந்துச்சே. மெதுவா சொல்லு."

மெதுவாகச் சொன்னாள். இப்போது அது அவளுடைய காதுக்கே தமிழ் மாதிரி கேட்டது. அவன் புரியவில்லை என்று தலையை ஆட்டினான். கட்டிலில் கிழவியின் மூச்சு கொறகொறவென்று போய் வந்துகொண்டிருந்தது. லெட்சுமி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.