இந்தப் பழத்தில் வண்டு இருக்கலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. எங்கள் சமையலறை மேடையில் வைக்கோல் போட்டு வைத்திருக்கும் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. பெட்டி நிறைய மல்கோவா. அதில் ஒரே ஒரு பழத்தின் காம்பில் மட்டும் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறது. அந்தப் பழத்தை எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மாம்பழத்துக்குக் காவல் இருக்கிறவன் கதை எழுதுவதைத் தவிர வேறு என்ன செய்வான், சொல்லுங்கள்.

இன்று சனிக்கிழமை. நாளை மத்தியானம் அந்த நூல் கட்டிய பழத்தை வெட்டப்போகிறோம். உள்ளே சுத்தமாக இருந்தால் என் மகள் ஜோஸ்லினுக்கும் கௌசிக்குக்கும் கல்யாணம். உள்ளே வண்டு இருந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே விட்டுவிடுகிறேன். நீங்களும் முடிக்காதீர்கள்.)

2

கதைக்கு எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ‘மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்துக் கடைவீதி முழுக்க மாம்பழ வாசனைதான்.’ வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனில் மாட்டுகிற விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘பச்சை நைட்டியில் இருந்த மெர்லின் கத்தியைக் கையில் எடுத்தாள். அவள் கை நடுங்கியது.’ இது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வேளாங்கண்ணி டீயை வைக்க வந்தவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள்.

“யாருங்க இந்த மெர்லின்?”

“கதையில வர்றவ.”

“கதையில வர்றவளுக்கு எதுக்கு என்னோட பச்சை நைட்டி?”

“அது ஒரு விவரத்துக்காக.”

“கை ஏன் நடுங்குது? நான் என்னிக்காவது கை நடுங்கிப் பழம் வெட்டியிருக்கனா? நடுங்கறது உங்க கை. பேர மாத்தி என் தலையில கட்டாதீங்க.”

ஆகவே மெர்லினை எடுத்துவிட்டேன். இனி இந்தக் கதையில் எல்லாரும் சொந்தப் பெயரிலேயே வருவார்கள். என் பெயர் தோமினிக். வார நாளில் ஜவ்வரிசி ஆலையில் வேலை, மிச்ச நேரத்தில் கவலை, அதிலும் மிச்சமிருந்தால் கதை. நடுங்குவது என் கைதான்.

3

மஞ்சள் நூலைப் பற்றிச் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம்.

கௌசிக் மோகனூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பையன். ஜோஸ்லினும் அவனும் ஓசூரில் ஒரே கம்பெனி. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுகிறவர்கள். அவனுடைய அப்பா மயில்சாமி ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். அம்மா ராமாயிதான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாமியிடம் பூக் கேட்டுவிடலாம் என்றிருக்கிறார். அவர்கள் பக்கம் அது வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு.

மயில்சாமி தடுத்துவிட்டாராம். கௌசிக் சொல்லி, ஜோஸ்லின் எங்களுக்குப் பேசிக் காட்டினாள்: “அவிங்க கும்புடறது வேற சாமி. நம்ம சாமிகிட்டப் போயி அவிங்க பொண்ணுக்கு உத்தரவு கேட்டா, அது நாயமா?”

ராமாயி யோசித்திருக்கிறார். “அப்ப மாம்பழத்துல பாத்துக்கறனுங்க. மரம் ரெண்டு சாமிக்கும் பொதுதானுங்களே” என்றிருக்கிறார்.

அவர்களுடைய மரத்துப் பழம். எங்கள் வீட்டுக் கத்தி. அவர் கையாலேயே ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து, நூல் கட்டி, பெட்டியோடு கௌசிக்கிடம் கொடுத்தனுப்பிவிட்டார். மற்ற பழங்களைச் சாப்பிடலாம், நூல் கட்டியதை மட்டும் அவர்கள் வந்த பிறகு வெட்ட வேண்டும்.

நியாயமான பெண்மணி என்றுதான் தோன்றுகிறது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அநியாயமாக எதையாவது கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.*

* சகுனம் பார்ப்பது பாவம் என்று கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த அடிக்குறிப்பை எழுதும்போதும் நூல் கட்டிய பழத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

4

மாம்பழ வண்டைப் பற்றிக் கொஞ்சம் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய் சிறிதாக இருக்கும்போதே வண்டு அதன் தோலில் முட்டையிட்டுவிடும். புழு உள்ளே போனதும் காய் வளர்கிற வளர்ச்சியில் அந்த வழி மூடிக்கொள்ளும். புழு கொட்டைக்குள் உட்கார்ந்து தின்று அங்கேயே வண்டாகும். வெளியே பார்த்தால் ஓட்டை தெரியாது. தட்டிப் பார்த்தாலும் அமுக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்பார்கள். போட்டுப் பார்த்தேன். நூல் கட்டிய பழம் முழுதாக மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. அண்டாவுக்கு நடுவில் என்னைப் பார்த்தபடி நின்றது.

(கல்யாணமும் அப்படித்தான் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற சமயத்தில் எழுதுகிற வரியா அது.)

வெட்டினால்தான் தெரியும். வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அதனால் இன்று காலை, வேளாங்கண்ணி மீன் வாங்கப் போயிருந்தபோது, அதே பெட்டியிலிருந்து நூல் கட்டாத வேறொரு பழத்தை எடுத்தேன். அதே மரம்தானே, ஒன்றைப் பார்த்தால் மரத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நான் பழம் வெட்டிப் பழகாதவன். தட்டில் வருவதைச் சாப்பிட்டுப் பழகியவன். காம்பைக் கிள்ளிப் பால் வடிய விட வேண்டும் என்பது மட்டும் தெரியும். பழத்தை நிறுத்தி, நட்ட நடுவில் கத்தியை வைத்து அழுத்தினேன். கத்தி கொட்டையில் போய் இடித்தது. இன்னும் அழுத்தினேன். கொட்டை பிளந்தது. உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாகத் தூள். தூளுக்குள்ளிருந்து ஒரு வண்டு நிதானமாக நடந்து வந்து, என் கத்தி மேல் ஏறி நின்றது.

5

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?” மீன் பையோடு வேளாங்கண்ணி வாசலில் நின்றாள்.

“வண்டு.”

“அது தெரியுது. இந்த வருஷத்து மொதப் பழம். சிலுவை போட்டீங்களா?”

போடவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் வெட்டுகிற முதல் மாம்பழத்தின் தோலில் கத்தி முனையால் ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் வெட்டுவாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. நினைவு வந்ததும் இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. சிலுவை போடாததால்தான் வண்டா? (சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவன் கேட்கிற கேள்வி.)

“வேளா, மரமே வண்டு மரம். நாளைக்கு அதுலயும் இருந்தா நம்ம பொண்ணு கதி என்ன? நூல அவுத்து வேற பழத்துல கட்டிடலாமா?”

“எந்தப் பழத்துல? எதுல இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. ஏமாற்றுவதற்குக்கூட வழியில்லாத ஏற்பாடு.

“நம்ம வீட்டுல இதுவரைக்கும் ஒரு பழத்துலகூட வண்டு வந்ததில்லையே. அவங்க பழத்துல மட்டும் ஏன்?” என்றேன்.

வேளாங்கண்ணி மீனைத் தொட்டியில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யாரு சொன்னா வந்ததில்லன்னு?”

“நான் பாத்ததே இல்லையே.”

“நீங்க எங்க பாக்கறது? கொட்டைல படாம ரெண்டு பக்கமும் கன்னத்த ஒதுக்கி வெட்டித் தட்டுல வெச்சுத் தர்றேன். கொட்டை என்கிட்டதானே நிக்குது. கத்தி முனையால கீறிப் பாப்பேன், வண்டு இருந்தா தூக்கிப் போட்டுருவேன். இல்லன்னா சப்புவேன். எத்தனையோ வருஷம் எத்தனையோ வண்டு. ஹால்ல உக்காந்துகிட்டு ‘பழம் தேனு’ன்னு சொல்லுவீங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாம்பழத்தில் கொட்டை ஏன் எப்போதும் அவள் பங்காகவே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப நாளைக்கும் அப்படியே செஞ்சிடலாம்” என்றேன். சட்டென்று உயிர் வந்தது போலிருந்தது. “கன்னத்த ஒதுக்கி வெட்டு. கொட்டைய சமையல்கட்டுலயே வெச்சுடு.”

“அவங்க பாக்கத்தானே வர்றாங்க? பாக்காம விட்டுருவாங்களா?”

“சிலுவை மட்டும் நாளைக்குப் போடாத. அவங்க எதிர்ல வேண்டாம்.”

“போடாம வெட்ட எனக்குக் கை வராதுங்க” என்று சொல்லிவிட்டு மீனை உரசப் போய்விட்டாள்.

6

இனி முடிவுகள். பழம் வெட்டுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டால் மனசு ஆறும் என்று பார்த்தேன்.

முடிவு ஒன்று: பழம் சுத்தம். ராமாயி ஜோஸ்லினைக் கட்டிக்கொள்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆசைப்பட்டதை எழுதிவிட்டால் நடக்காது என்று வேறு பயம்.

முடிவு இரண்டு: வண்டு. ராமாயி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு ‘போய்ட்டு வாரோமுங்க’ என்கிறார். ஜோஸ்லின் தன் அறைக்குள் போய்க் கதவை

முடிவு மூன்று: மின்சாரம் போய்விடுகிறது. (இது முடிவே இல்லை. தப்பித்து ஓடுவது.)

ஜோஸ்லின் இதைப் படித்தாள். “அப்பா, இது உங்க கதை இல்ல. என் கல்யாணம்” என்றாள். அழவில்லை. இரண்டாவது முடிவின் மேல் மட்டும் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனாள். 

7

ஞாயிற்றுக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெயில் உச்சியில் இருக்கும்போது வந்தார்கள். மயில்சாமி செருப்பைக் கழற்றிக்கொண்டே, “என்ன வெயிலுங்க, தாரோடு ஒட்டுது” என்றார். ராமாயி உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. ஜோஸ்லினின் தலையில் கை வைத்து, “நல்லாயிருக்கறயா சாமி?” என்று கேட்டார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“ஏனுங்க, அடுப்படி எங்கீங்க?”

வேளாங்கண்ணி வழி காட்டினாள். நான் பின்னாலேயே எழுந்தேன். “நீங்க இருங்க. அவங்களோட பேசிக்கிட்டிருங்க” என்று சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டாள்.

கதை சொல்கிறவன் கதை நடக்கும் இடத்தில் இல்லை. இதைவிடக் கேவலமான நிலை ஓர் எழுத்தாளனுக்கு உண்டா? காதில் விழுந்ததை மட்டும் தருகிறேன்.

தண்ணீர் சத்தம். கத்தியை எடுக்கும் சத்தம். வேளாங்கண்ணி மெதுவாக ஏதோ கேட்டாள். ராமாயி, “போடுங்க, போடுங்க. உங்க வழக்கத்த நீங்க செய்யுங்க” என்றார். அப்புறம், “கொட்டைய எனக்கு வெச்சுருங்க. கொட்டை சப்புனாத்தானுங்க பழந்தின்ன மாதிரி இருக்கும்” என்றார்.

“எனக்கும் அப்படித்தாங்க” என்றாள் வேளாங்கண்ணி.

மயில்சாமி ஆற்றில் தண்ணீர் வராததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். கௌசிக் தன் கைவிரலை நெட்டி முறித்தபடி இருந்தான். ஜோஸ்லின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரமாக இல்லை. அந்த நேரத்தில் நான் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைப் பாதி சொல்லி, மீதி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் தண்ணீர்க் குழாய். பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்து மூடியது.

இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். தட்டில் பழம் மஞ்சளாக, கட்டம் கட்டமாக, கன்னம் மட்டும். இருவர் கையும் ஈரம். ஒரே துண்டில் துடைத்துக்கொண்டார்கள்.

“பழம் எப்பிடி?” என்று கேட்டார் மயில்சாமி.

ராமாயி முதலில் வேளாங்கண்ணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “சுத்தமா இருக்குதுங்க” என்றார். ஒரு துண்டை எடுத்து ஜோஸ்லினின் வாயருகே நீட்டினார். “தின்னு சாமி.”

ஜோஸ்லினுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

8

இங்கே முடித்திருக்கலாம். முதல் முடிவே பலித்துவிட்டதே என்பீர்கள். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை.

எல்லாரும் போன பிறகு சமையலறைக்குள் போனேன். பலகையில் தோல் கிடந்தது. அதில் கத்தி முனையால் கீறிய சிலுவை. பக்கத்தில் குங்குமம் ஒரு பொட்டு. மஞ்சள் நூல் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கொட்டையை மட்டும் காணோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை.

“கொட்டை எங்க?”

“சப்பிட்டோம்.”

“ரெண்டு பேருமா? ஒரே கொட்டையையா?”

“ஆமா. அவங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

“அப்புறம்?”

“பின்னாடி செவுத்துக்கு அந்தாண்ட தூக்கிப் போட்டாச்சு.”

“வேளா, உண்மையச் சொல்லு. வண்டு இருந்துச்சா?”

அவள் பலகையைத் தேய்த்துக் கழுவினாள். “பழம் எப்படி இருந்துச்சு?” என்று திருப்பிக் கேட்டாள்.

“தேனு” என்றேன்.

“அப்புறம் என்ன?” என்றாள்.

இப்போது பின்கட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் காலி மனை, கருவேல முள். கொட்டை அங்கேதான் எங்கோ கிடக்கிறது. சுவர் என் நெஞ்சு உயரம்தான், எனக்கு முழங்கால் வலி. உங்களுக்கு ஏற முடியும் என்றால் ஏறிப் பாருங்கள். கொட்டையைத் தேடி எடுங்கள். பிளந்தும் பாருங்கள்.

பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.