சடையப்பன் நின்ற கண்ணாடி

அறுபத்தாறாம் வருஷப் புயலிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகச் சடையப்பன் தன் பாய்மரப் படகின் கூரைக் கண்ணாடிமேல் நின்றுகொண்டிருந்தான். அறைக்குள் படுத்து அண்ணாந்து பார்த்தால் அவனுடைய உள்ளங்கால்கள் தெரியும். இடது கால் ஒரு கண்ணாடியில், வலது கால் மறு கண்ணாடியில், நடுவே ஒரு மரச்சட்டம். கூரைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்குக் காக்கை எச்சம்தான் தெரிந்தது.

துரைமார் காலத்தில் கால்வாயைப் பார்வையிட ஓடிய படகு அது. அறைக்கு வெளிச்சம் வரட்டும் என்று கூரையில் கண்ணாடி பதித்திருந்தார்கள். ஏலத்தில் எடுத்த சடையப்பன் அதில் அத்திப்பட்டு உப்பை ஏற்றிச் சுண்ணாம்புக்குளத்தில் இறக்குவான். புயலன்று பாயை இறக்கக் கூரைமேல் ஏறினான். கண்ணாடிகள் கீறல் விட்டன, ஆள் இறங்கவில்லை. ஊரார் கருமாதிக்கு நாள் பார்த்தார்கள். அவன் மனைவி அஞ்சம்மாள், "கால் ரெண்டும் கண்ணு முன்னால கீது, யாருக்குய்யா கருமாதி?" என்று விரட்டிவிட்டுத் தானே பாய் கட்டி உப்பு ஓட்டினாள். மாலையானால் கீறல் வழியாக அந்தப் புயலின் மழை சொட்டும். குண்டான் வைத்துப் பிடிப்பாள். சொட்டுவது நின்றுவிடுமோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

எழுபத்தைந்தில் கால்வாய் அதிகாரி ஒருவர் தாக்கீது கொடுத்தார். மாசக் கடைசிக்குள் கீறல் கண்ணாடியை மாற்றாவிட்டால் படகை உடைத்துவிடுவார்களாம். மாற்றினால் சடையப்பன் என்ன ஆவான்? அஞ்சம்மாள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆலைகளுக்குக் கண்ணாடி பதித்தவன் துளசிராமன். அவன் முன்னால் கணவனின் சட்டை ஒன்றை விரித்தாள்.

"ரெண்டு கண்ணாடி வாணாம் நைனா. நடுச்சட்டத்த அறுத்துட்டு ஒரே கண்ணாடியா போட்டுடு. தோள் அளவு இருபது அங்குலம், மேல ரெண்டு சேத்துக்க."

"கண்ணாடிக்கு இன்னாத்துக்கு அக்கா சட்டை அளவு?"

"ஆளு எறங்கணுமில்ல?"

இது என்னடா பேஜாரு என்று முனகிக்கொண்டுதான் துளசிராமன் வந்தான். அறைக்குள் படுத்து ஒருமுறை மேலே பார்த்தபின் முனகலை நிறுத்திவிட்டான். கூரைக்கு இரண்டு முட்டுக் கொடுத்து நடுச்சட்டத்தை அறுத்தான். ஒரு கண்ணாடியை மட்டும் முதலில் எடுத்தால் மனுஷன் ஒற்றைக்காலில் தடுமாறுவான் என்று அஞ்சம்மாள் சொல்லியிருந்ததால், ஆளுக்கொன்றாகப் பிடித்து, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் இழுத்தார்கள்.

அறுபத்தாறின் மழையோடும் கையில் பாய்க்கயிற்றோடும் சடையப்பன் உள்ளே விழுந்தான். தோள் எங்கும் இடிக்கவில்லை. வயது முப்பத்தைந்திலேயே நின்றிருந்தது. அஞ்சம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு. "யோவ்" என்றாள், அவ்வளவுதான், அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் அவள் தலையையே பார்த்தான்.

"இன்னாமே, உப்பைத் தலையில கொட்டிக்கினியா?"

நரையைத் தட்டிவிட்டான். போகவில்லை. மறுபடி தட்டினான். பிறகு கை மெதுவாக நின்றது.

"எம்மா நேரம் நின்னேன்?"

"கொஞ்ச நேரந்தான். கயித்த உடு."

சாயங்காலத்துக்குள் துளசிராமன் புதுக் கண்ணாடியைப் பதித்தான். அதில் அன்றைய வானம் மட்டுமே தெரிந்தது. அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே படகு அத்திப்பட்டுக்குக் கிளம்பியது. ஏழு வயது இளைய புருஷன் சுக்கான் பிடித்தான். கூரைமேல் ஏறுகிற வேலை வந்தால் அஞ்சம்மாள்தான் ஏறினாள்.