உட்கார்ந்து காட்டுங்கள்

அது ஹெட்போன் மட்டுமே விற்கும் கடை. சார்ஜர், போன் கவர் என்று கேட்டு நுழைபவர்கள் கடைக்காரரின் பார்வையைக் கண்டே திரும்பிவிடுவார்கள். ஹெட்போன் கேட்டு வருபவர்களிலும் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அவர்களைத் துரத்தியது கடைக்காரரின் பேச்சு. ஒலியில் பனித்துளி விழுகிறது, பட்டு விரிகிறது என்று அவர் ஆரம்பித்தால் வந்தவர் வாசலைப் பார்ப்பார்.

அவர் மனைவிக்கு அந்தப் பனித்துளியெல்லாம் கிடையாது. ஒரே கேள்விதான். வீட்டில் எப்படிக் கேட்பீர்கள், அப்படியே உட்கார்ந்து காட்டுங்கள் என்பாள். கடையின் மரியாதையே போயிற்று என்று கணவருக்குக் குமுறல். ஒரு வங்கி மேலாளர் டையோடு தரையில் மல்லாந்து படுத்தார். இன்னொருவர், நான் பாட்டே போடுவதில்லை, மாமியார் பேச்சுக் கொடுக்காமல் இருக்கத்தான் மாட்டிக்கொள்கிறேன் என்று குரலைத் தாழ்த்தி ஒப்புக்கொண்டார். தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி பூசணிக்காய் அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மனிதர் கும்பிடாத குறையாக வாங்கிப் போனார்.

ஆனால் மாஸ்டரிடம் அவளை அண்டவிடக் கூடாது என்பதில் கடைக்காரர் உறுதியாக இருந்தார். மாஸ்டர் பெரிய ஒலிப்பதிவுக்காரர். அவர் வாங்குவதைத்தான் மற்ற ஸ்டூடியோக்காரர்களும் வாங்குவார்கள். அவரோ மூன்று ஹெட்போன்களை வாங்கி மூன்றையும் திருப்பிவிட்டார். கடையில் கண்ணை மூடி, தாடையை உயர்த்தி, தனக்குச் சிலை வைக்கப்போகிறவர்களுக்கு வசதியாக நின்று, "ஆகா" என்பார். மறுநாளே அடியில் அதிரும் பேஸ் ஒலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டியோடு வந்து நிற்பார். நாலாவதும் இப்படியானால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நாலாவதைக் கேட்க மாஸ்டர் வந்தார். வழக்கம்போல் நின்றார், கண்ணை மூடினார். கடைக்காரர் அந்த "ஆகா"வுக்காகக் காத்திருந்தபோது மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று கணவர் காட்டிய சைகையைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், வேலை செய்யறப்ப எப்படி இருப்பீங்களோ, அப்படி உக்காருங்க."

"என் காதுக்கு அதெல்லாம் தேவையில்லம்மா."

"காது எங்கயும் ஓடிப்போகாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்க, லேப்டாப்பில் ஒலிக்கோடுகள் நெளியும் திரையை அவர் முன்னால் திருப்பி வைத்தாள். மாஸ்டர் பின்னால் சாய்ந்தார், முன்னால் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து தடித்த கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக் கண்ணாடியை எடுத்து, ஹெட்போனுக்கு அடியில் நுழைத்து மாட்டிக்கொண்டார். முகம் தொங்கிப்போனது.

"பேஸ் போச்சு" என்றார்.

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். கண்ணாடியின் தடித்த காம்பு ஹெட்போனின் காது மெத்தையைத் தூக்கி, காதோரம் சந்து விட்டிருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் பேஸ் அத்தனையும் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு இது தெரியாததல்ல. இதைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவர். பேசிக்கொண்டே இருந்ததால்தான் அவர் மாஸ்டரின் மூக்கில் கண்ணாடி அழுத்திய தழும்பைப் பார்க்கவில்லை. அவள் முதல் நாளே பார்த்திருக்கிறாள். கேட்க விட்டால்தானே!

மாஸ்டர் முதலில் திருப்பிக் கொடுத்த ஹெட்போனையே எடுத்து, மெத்தையைக் கழற்றிவிட்டுப் பஞ்சு போன்ற தடித்த வெல்வெட் மெத்தையை மாட்டினாள். மெல்லிய காம்புள்ள கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் நன்றாக இருக்கும் என்றாள். மாஸ்டர் கண்ணாடியோடு கேட்டார். இந்த முறை தாடை உயரவில்லை. கால்தான் தாளம் போட்டது.

"கண்ணாடி விஷயம் வெளில தெரிய வேணாம்" என்றார் எழுந்தபோது.

"மூக்குல போடறதுதான மாஸ்டர், திருட்டுப் பொருளா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவர் சொல்லி மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். வணக்கம் சொல்லிக்கொண்டே வாசலிலேயே கண்ணாடிகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் வாயைத் திறந்தார். பனித்துளி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.