முந்தைய அறிவிப்பில் பிழை

பேருந்து நிலையத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் சின்னவளுக்கு முதுகு தானாக நிமிரும். கூரையில் வரிசையாகத் தொங்கும் ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் அவளுடைய அக்காவின் குரல்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அது தொடங்கினால், இருக்கைக்காகச் சண்டை போடுகிறவர்கள்கூட ஒரு நொடி வாயை மூடிக் காதைக் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அது எங்க அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் சின்னவள் பஸ் ஏறுவாள்.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சபையில் பெண்களின் ஜெபக் குழுவைப் பெரியவள்தான் நடத்துகிறாள். முன்பெல்லாம் வீடு வீடாகக் கூடி ஜெபித்தார்கள். இப்போது எல்லாம் போனில். பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்குப் பரீட்சை, வாடகைக்கு வீடு அமையவில்லை என்று செய்திகள் பெரியவளுக்குப் போகும். அவள் அதை ஜெபக்குறிப்பாக எழுதி குரூப்பில் போடுவாள். அடுத்த நிமிடமே கூப்பிய கைகளும் ஆமென்களும் மழையாகக் கொட்டும். அதிலும் சின்னவளுக்குப் பெருமைதான். அக்கா ஒரு காரியத்தை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். ஒரே ஒரு குறை. தப்பு தன்மேல் என்று அவள் ஒப்புக்கொண்டதை வீட்டில் யாரும் இதுவரை பார்த்ததில்லை.

சின்னவளின் கணவனுக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவன் 'கூலிங்'. அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது. அப்படிப்பட்டவனுக்குத்தான் வேலை போனது. குழாயில் கசிவு இருந்தால் அடைத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் கம்ப்ரஸரே போய்விட்டது என்று சொல்லிப் புதிதை மாட்டிவிட்டு வரச் சொன்னார் மேலாளர். "இருக்கறதை இருக்குன்னும் இல்லாததை இல்லைன்னும் சொல்லித்தான் சார் எனக்குப் பழக்கம்" என்றான் கூலிங். மறுநாள் காலையில் அவனுடைய அடையாள அட்டை கம்பெனிக் கதவைத் திறக்கவில்லை.

இதை அவன் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் தேறும்வரை அழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கண்ணு தேறட்டும். நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை தேடப் போய்வந்தான்.

சின்னவள் அக்காவிடம் மட்டும் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. நீ மட்டும் முழங்கால் போட்டு ஜெபி."

"என்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லுடி" என்றாள் பெரியவள்.

கல் மறுநாளே மிதந்து வந்தது.

சின்னவளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளில் மெழுகை உருக்கி ஊற்றி, கத்தியால் சீவிச் சீவிப் பல்லின் உருவம் கொண்டுவருவாள். சரியாக வந்துவிட்டதா என்ற சந்தேகம் அவளுக்கு ஒருபோதும் தீராது. முடிந்த பல்லையும் மேல் அச்சையும் கீழ் அச்சையும் சேர்த்து மூன்று முறை கடிக்க வைத்துப் பார்ப்பாள். எதிர் மேசையில் பல்லுக்கு மெருகு போடும் தோழி வேறொரு சபைக்காரி. தேநீர் நேரத்தில் இருவரும் ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் பிஸ்கட்டைத் தொடுவார்கள்.

"இன்னிக்கு ஒரு பாரமான குறிப்பு வந்திருக்கு" என்று தோழி போனைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். "ஒரு சகோதரன், கம்பெனில சாமான் திருடி வித்து மாட்டிக்கிட்டாராம். வேலை போச்சு. மனம் திரும்பணும்."

"ஐயோ பாவம்" என்றாள் சின்னவள். கண்ணை மூடிக்கொண்டு அவளே ஜெபத்தைத் தொடங்கினாள். "ஆண்டவரே, அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடும். அவரைக் கட்டிக்கிட்டு கஷ்டப்படுற அந்த மனைவிக்குப் பொறுமையைக் கொடும்..."

"ஆமென். கண் ஆபரேஷன் பண்ணிட்டு ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்கிற அவரோட அம்மாவையும் நினைச்சருளும்" என்று தோழி சேர்த்துக்கொண்டாள். "ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காம், பாவம்."

சின்னவளின் கண் படக்கென்று திறந்தது. கையிலிருந்த மெழுகுப் பல் மேசைக்கு அடியில் உருண்டது.

"என்ன, ஆமென் சொல்லலை?"

"அந்த மனைவி நான்தான்" என்றாள் சின்னவள்.

தோழிக்கு முகம் பிளாஸ்டர் நிறத்துக்குப் போய்விட்டது. தனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிக் காட்டினாள். அது இன்னொரு குழுவிலிருந்து வந்திருந்தது. அந்தக் குழுவில் இருந்த ஒருத்தி பெரியவளின் குழுவிலும் இருந்தாள். சின்னவள் அன்று இன்னும் திறந்து பார்க்காத அக்காவின் குரூப்பில் பெரியவள் போட்ட மூலக் குறிப்பும் கையோடு கிடைத்தது. 'நமக்கு மிக நெருங்கிய சகோதரன், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கம்பெனியில் ஏற்பட்ட ஒரு பிரச்சினையால் வேலை போய்விட்டது, கண் ஆபரேஷன் செய்த தாய்க்கு இது தெரியாது, பாரத்தோடு ஜெபிக்கவும்.' என்ன பிரச்சினை என்று அவள் எழுதவில்லை. அதை வழியில் வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

சின்னவள் போனை எடுத்தாள். அக்காவின் குரூப்பிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி, நறுக்கென்று நாலு வரி தட்டினாள். 'ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறம் பேசும் தலைவிக்காகவும் ஜெபிப்போமாக' என்று முடித்திருந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் நின்றது.

அவள் மாலையில் வேத வகுப்புக்குப் போகிறவள். போன வாரப் பாடம் நினைவுக்கு வந்து தொலைத்தது. சகோதரன் உனக்குத் தப்பு செய்தால் முதலில் நீயும் அவனும் மட்டும் இருக்கும்போது போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல். படித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. இந்தக் காலத்தில் சபை முழுவதும் சட்டைப்பைக்குள் இருக்கிறது, கடைசிப் படிதான் கைக்கு முதலில் எட்டுகிறது என்பது அப்போது தோன்றவில்லை.

நாலு வரியையும் அழித்தாள். அழித்துவிட்டு, பயத்தில் அழித்தோமா கீழ்ப்படிந்து அழித்தோமா என்று குழம்பினாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பேருந்து நிலையத்தில் அக்காவின் குரல் வழக்கம்போல் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியோடு நின்ற ஒரு அம்மாள், "எவ்வளவு கணீர்னு இருக்கு பாருங்க. யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அப்படி நின்றது இதுவே முதல் தடவை. அது திருட்டுப் பழியைவிட அதிகமாக வலித்தது.

அறிவிப்பு அறை மூன்று பக்கமும் கண்ணாடி. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், தொண்டைக்கு மிட்டாய், பேருந்துகளின் நேரம் ஓடும் திரை.

"என்னடி, சொல்லாம கொள்ளாம? கதவைச் சாத்து, ஹார்ன் சத்தம் மைக்குல விழும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் சாத்தினாள். "அக்கா, அவர் விஷயத்தை குரூப்புல போட்டியா?"

"பேரே போடலையே!"

"பேரைத்தான் போடலை. தொழிலைப் போட்ட, அத்தையோட கண்ணைப் போட்ட. வீட்டு நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

"நான் என்ன வம்பு பேசவா போட்டேன்? ஜெபத்துக்குப் போட்டேன். விவரம் தெரிஞ்சாத்தான் பாரத்தோட ஜெபிப்பாங்க."

"கர்த்தருக்கு விவரம் தெரியாதாக்கா?"

பெரியவள் மைக்கை இழுத்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து நான்காவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

சொல்லி முடித்ததும் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். சீருடை போட்ட ஓட்டுநர். "ஏழுலம்மா! துறைமுகம் ஏழுல நிக்குது! நாலுல நிக்கிறது மலைக்குப் போற வண்டி!"

வெளியே மூட்டை முடிச்சோடு சனம் நான்காவது நடைமேடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முந்தைய அறிவிப்பில் பிழை. துறைமுகம் செல்லும் பேருந்து ஏழாவது நடைமேடையில் நிற்கிறது. நான்கு அல்ல, ஏழு." நிறுத்தி நிதானமாக, முதலில் சொன்னதைவிடக் கொஞ்சம் உரக்க, அதையே இன்னொரு முறையும் சொன்னாள். ஓடியவர்கள் திரும்பினார்கள். மலை வண்டியில் ஏறிவிட்ட ஒருவர் வாளியோடு குதித்து இறங்கினார்.

"ஏன்க்கா ரெண்டு தடவை சொன்ன?"

"இது என்ன கேள்வி? தப்பா ஏறினவன் இறங்க வேண்டாமா? தப்பைச் சொன்ன அதே மைக்குலதான் திருத்தியும் சொல்லணும். இதுதானே என் பொழப்பு."

"சரி. இப்ப எங்க வீட்டுக்காரரை எந்த நடைமேடையில நிறுத்தியிருக்க, அதைச் சொல்லு." தோழிக்கு வந்த குறிப்பைச் சின்னவள் அக்காவின் முன்னால் வைத்தாள்.

பெரியவள் வாசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். "நான் திருட்டுன்னு எழுதலையேடி..." ஊரே கேட்கும் குரல், அந்தக் கண்ணாடி அறையைத் தாண்டவில்லை.

"நீ எழுதலை. கதவைத் திறந்து விட்டது நீ."

திரையில் ஒரு பேருந்தின் நேரம் மின்னி மறைந்தது. அது அறிவிப்பு இல்லாமலே கிளம்பிப் போனது.

"இதை குரூப்புல கேட்டிருக்கலாமே. என் மானம் போயிருக்கும்."

"கேக்கத்தான் டைப் பண்ணினேன். அப்புறம் அழிச்சிட்டேன். முதல்ல தனியாத்தான் போகச் சொல்லியிருக்கு."

பெரியவள் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். மிட்டாய் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான். அது மன்னிப்பா, போய்வா என்பதா? சின்னவளுக்குப் பிடிபடவில்லை. சரியாகப் பேசினோமா என்று பஸ் முழுவதும் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி ஆறுதல் சொல்ல வந்து, இல்லாத சோகத்தையும் உண்டாக்கிவிட்டுப் போயிருந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, எதிரே கூலிங் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தான். நடந்தது முழுவதையும் அவன் வாயால் சொல்லி முடித்திருந்தான்.

"அத்தை, அழுதுடாதீங்க" என்று சின்னவள் ஓடினாள்.

"நான் ஏன் அழறேன்? அழக்கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு, திட்டக்கூடாதுன்னு சொல்லலையே" என்றார் மாமியார். மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, உண்மையைச் சொன்னதுக்கு வேலை போச்சுன்னா அது மூடி வைக்கிற சமாசாரமா? பெருமையா சொல்லிக்கிற விஷயத்தை பீரோவுல வச்சுப் பூட்டினா, ஊரு அதுக்கு இஷ்டத்துக்குத்தான் சட்டை தச்சுப் போடும்."

கூலிங் தலையைச் சொறிந்தான். "உங்க கண்ணுக்காகத்தாம்மா..."

"கண்ணுதான் மூடியிருக்கு, காது இல்ல."

நடந்ததைச் சின்னவள் சொன்னதும் அவன் கேட்டான். "தனியாப் போய்ப் பேசியாச்சு. உங்க அக்கா கேக்கலைன்னா அடுத்து சாட்சியோட போகணுமே. என்னைத்தான் கூட்டிட்டுப் போவியா? கேஸே நான்தானே!"

அவள் சிரித்து முடிப்பதற்குள் வாசலில் பெரியவள் நின்றாள். வேலை முடிந்த சீருடையோடு நேராக வந்திருந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

"தம்பி, தப்பு என்மேல. மன்னிச்சிருங்க. அத்தை, நீங்களும்."

சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"குரூப்புல திருத்திச் சொல்லப்போறேன். ஆனா இந்தத் தடவை உங்களைக் கேக்காம ஒரு எழுத்து போகாது. என்ன சொல்லணும், எதைச் சொல்லக்கூடாது, நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமே வேண்டாம்னா, அவர் திருடலைங்கறதை மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிறேன்."

கூலிங் பையை இறக்கி வைத்தான். "பேரைப் போடுங்க அண்ணி. பேரில்லாமத்தான் நான் திருடன் ஆனேன். வேலை போனதும் உண்மை, தேடுறதும் உண்மை. ரெண்டையும் சொல்லுங்க. கம்பெனி பேரு மட்டும் வேண்டாம், அங்க இன்னும் என் கூட்டாளிங்க வேலை பாக்கறாங்க."

பெரியவள் குரூப்பில் குரல் பதிவை அழுத்தி, போனை வாய்க்கு நேரே பிடித்தாள். தொண்டையைச் செருமினாள். வந்தது ஒலிபெருக்கிக் குரலேதான்.

"சகோதரிகளின் கனிவான கவனத்திற்கு. முந்தைய அறிவிப்பில் பிழை." அவனுடைய பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னாள். "இவர் என் தங்கையின் கணவர். இவரைக் கேட்காமலே இவர் வீட்டு விஷயத்தை நான் இங்கே போட்டேன். தப்பு என்னுடையது. இவர் திருடவில்லை. பழுதாகாததைப் பழுது என்று சொல்ல மறுத்ததால் வேலையை இழந்தார். வேறு வேலை தேடுகிறார், அதற்காக ஜெபியுங்கள். முதல் குறிப்பை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் எல்லோருக்கும் இதையும் அனுப்புங்கள். இனி இந்தக் குழுவில், யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரைக் கேட்காமல் ஒரு குறிப்பும் வராது." மூச்சு வாங்கிக்கொண்டு, அத்தனையையும் இன்னொரு முறை சொன்னாள்.

குரூப்பில் இந்தத் தடவை கூப்பிய கைகள் கொட்டவில்லை. ஒருத்தி எழுதினாள்: 'சிஸ்டர், அடுத்தவர்களுக்கு அனுப்பினதில் நானும் ஒருத்தி. எல்லா இடத்துக்கும் இதையும் அனுப்பிவிட்டேன். மன்னியுங்கள்.' இன்னொருத்தி அழும் முகம் போட்டாள். மூன்றாவது செய்தி: 'தம்பி, எங்க ஃப்ரிட்ஜ் அடியில தண்ணி ஒழுகுது. போன தடவை வந்தவன் ஃப்ரிட்ஜையே மாத்தச் சொன்னான். உங்களால நாளைக்கு வர முடியுமா?'

"முதல்ல பாத்துட்டுத்தான் என்னன்னு சொல்லுவேன்னு எழுது" என்றான் கூலிங்.

"அந்தப் பேச்சை இன்னொரு தடவை போடு" என்றார் மாமியார். போட்டார்கள். மகனின் பெயர் வந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டாக்டருக்குப் போன் போட்டுக் கேளும்மா, இதுக்காவது ரெண்டு சொட்டு அழலாமான்னு."

மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் நல்ல கூட்டம். கூலிங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒழுகும் ஃப்ரிட்ஜைப் பார்க்க ஏழாவது நடைமேடைப் பக்கம் போனான். ஒலிபெருக்கிகளில் குரல் தொடங்கியது. சின்னவளுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எதையும் கேட்கவில்லை.

சின்னவள் அவன் தோளைத் தட்டினாள். அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்னங்க?" என்றான்.

"அது எங்க அக்கா" என்றாள்.