பிளக்கில் படிந்த கரி

“போறதுன்னா போ. நான் ஒண்ணும் கையப் புடிச்சி நிறுத்தல. ஆனா எழுதி வெச்சிக்க, அந்தாளு ஒரு நாளு உங்கிட்டப் பொய் சொல்லுவான். அன்னிக்கி அழுதுக்கிட்டு வந்து இந்தப் படலத் தள்ளாத.”

“அவரு சொல்ல மாட்டாரும்மா.”

“சொல்லுவான்டி. மண்ணுல வண்டியச் சுத்திக் காட்டிப் பொழைக்கிறவன் நெசமா பேசுவான்?”

“சொன்னாலும் இங்க வந்து நிக்க மாட்டேன். போதுமா?”

தன் தாய் பாஞ்சாலியிடம் தேவிப்பிரியா பேசிய கடைசிப் பேச்சு அது. மூன்று வருடம் ஓடிப் போயிற்று. ஏதாவது வேலையாக இருக்கும்போது சம்பந்தமில்லாமல் அந்தப் பேச்சு காதில் வந்து விழும். இன்றைக்குச் சம்பந்தத்தோடுதான் விழுந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு ஸ்பார்க் பிளக் கிடந்தது. அதன் முனை அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் போகிற சாலையோரம் அவளும் மதியழகனும் குத்தகைக்கு எடுத்திருந்த கரம்பு நிலம் அது. நான்கு சக்கர குவாட் பைக் இரண்டு, பழைய டயர்களை நட்டு வளைத்த ஓட்டப் பாதை, ஒரு தகரக் கொட்டகை. அருவிக்குப் போகிற கார்கள் நிற்கும். பிள்ளைகள் இறங்கி நாலு சுற்று சுற்றிவிட்டுப் போவார்கள். கார்கள் நிற்காமல் பறக்க ஆரம்பித்ததும் மதியழகன் ஒரு யோசனை செய்தான். “சத்தம் கேட்டாத்தான் புள்ளைங்க கண்ணாடிய எறக்கும் பிரியா” என்று சொல்லி, பெங்களூரிலிருந்து ஒரு புதுச் சைலன்சரை வரவழைத்துச் சிவப்பு வண்டியில் மாட்டினான். சத்தம் வந்தது. கூடவே வம்பும் வந்தது.

சைலன்சர் அகலமானால் புகை தடையில்லாமல் வெளியே ஓடும். காற்றும் கூடுதலாக உள்ளே வரும். அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டாவிட்டால் இன்ஜின் பட்டினியில் காயும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் வழியாகப் பட்டாசு வெடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஊசித் துளைப் பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். அதைக் கழற்றிப் பெரிய துளையுள்ளதாக மாட்டி, காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவைத் திருகிச் சரி பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் அவர்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. ஓட்டுவது அவன், பார்ப்பது அவள். அவன் வண்டியை மேட்டில் முழு வேகத்தில் ஏற்றி, உச்சியிலேயே சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டு, சும்மா உருட்டிக்கொண்டு இறங்கி வர வேண்டும். அவள் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுப்பாக இருந்தால் மிஞ்சிவிட்டது. காப்பி நிறம் வந்தால் சரி. கல்லூரியில் இயற்பியல் படித்தவளுக்கு அந்த முனையைப் பார்ப்பதில் ஒரு ருசியே ஏற்பட்டிருந்தது. “எம் பொண்டாட்டி பிளக்குக்கு ஜோசியம் பாப்பா” என்று மதியழகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

முதல் நாள் பிளக் வெள்ளையாக வந்தது. பெரிய ஜெட் போட்டாள். அடுத்த நாள் கறுப்பு. ஒரு படி சிறிய ஜெட்டுக்கு இறங்கினாள். வண்டி மறுபடி பட்பட்டென்று வெடித்தது. பிளக் மட்டும் கறுப்பாகவே வந்தது. வெடிக்கிற வண்டியில் பிளக் கறுக்கக் கூடாது. ஏர் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று அப்படித் திருகினாள், இப்படித் திருகினாள். ஒன்றும் ஒத்து வரவில்லை. ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போனதுதான் மிச்சம்.

பெரிய ஜெட்டையே திரும்ப மாட்டினாள், கறுத்த பிளக்குக்குப் பதில் புதியது ஒன்றைப் போட்டாள். அன்று மதியழகன் பென்னாகரத்துக்குப் போயிருந்தான். சீட்டுக் கொடுக்கிற அருள்குமாரைக் கூப்பிட்டாள்.

“இந்த மேட்டுல ஒரு தடவ புல்லா முறுக்கி ஏத்துங்க. உச்சியில ஆப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டு வாங்க.”

“நானா அண்ணி? அண்ணன் வண்டியத் தொட்டா என்னைத் தோலு உரிச்சிருவாரே.”

“உரிச்சா நான் தெச்சி உடறேன். போங்க.”

அருள்குமார் போய் வந்தான். சூடு ஆறியதும் அவள் பிளக்கைக் கழற்றினாள். நல்ல டிகாக்‌ஷனில் பால் விட்ட நிறம்.

அப்படியானால் ஜெட் சரி. முதலில் போட்டதிலிருந்தே சரி. கையில் இருந்த பழைய பிளக் கறுத்ததற்குக் காரணம் ஜெட் இல்லை.

முறுக்கி ஓட்டினால் பிளக் கறுக்காது. வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் வெகுநேரம் சும்மா ஓட விட்டால்தான் இப்படிக் கரி படியும். டெஸ்ட் ஓட்டம் என்று மத்தியானம் கிளம்புகிறவன் மேட்டுப் பக்கமே போகவில்லை. எங்கேயோ போய் நிற்கிறான். தினமும் நிற்கிறான்.

ஒரு சந்தேகம் நுழைந்துவிட்டால் வீட்டில் இருக்கிற சாமான் எல்லாம் சாட்சி சொல்ல வந்துவிடும். மண்ணில் ஓட்டப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை? கிளம்பும்போது கொட்டகைக் கண்ணாடியில் ஏன் தலையைச் சீவுகிறான்? நேற்று வண்டியின் முன்பெட்டியைத் திறந்தபோது வாழை இலையில் கட்டிய மல்லிகைச் சரம் வதங்கிக் கிடந்தது. அவளுக்கு வாங்கியது என்றால் அவள் தலைக்கு வந்திருக்க வேண்டுமே.

அன்று மாலை அவன் திரும்பி வந்ததும், ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

“நேத்து மேட்டுல ஏத்துனீங்களா மாமா?”

“ஏத்தாம? புல் த்ராட்டில்லு. காதே அடச்சிப் போச்சி.”

“உச்சியிலயே ஆப் பண்ணீங்களா?”

“பின்ன? நீ சொல்லிக் குடுத்து நான் மறப்பனா புள்ள?”

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு, தாகம் இல்லாத நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தான்.

பொய். முழுப் பொய். மூன்று வருடத்தில் அவளுக்குத் தெரிந்து முதல் பொய்.

வேறு ஒருத்தியாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கியிருப்பாள். தேவிப்பிரியாவால் அது முடியாது. அவள் பிறந்த வீடு ஒன்றும் சீமையில் இல்லை. ஏரியைத் தாண்டினால் அக்கரையில் இருக்கிறது. மாரியம்மன் பண்டிகைக்கு மேளம் அடித்தால் இங்கே தகரம் அதிரும். ஆனாலும் சந்தையில் மகள் எதிரே வந்தால் பாஞ்சாலி வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பென்னாகரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, வரிசையில் இருந்த பெண்களின் பையை எல்லாம் அவரவர் தாய் வைத்திருந்தாள். “கூட அம்மா வரலியாம்மா?” என்று நர்ஸ் கேட்டதற்கு “ஊர்ல இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து தாயின் நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் அணைத்தாள். எத்தனையோ முறை அப்படித்தான். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை இன்னும் கேட்டதில்லை.

இப்போது இவனும் பொய்யன் என்றால், அவளுக்கு நிற்க இடம் எது?

மறுநாள் மூன்று மணிக்கு மதியழகன் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினான். ஹெல்மெட்டை மாட்டினான். முன்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. “ஒரே ரவுண்டு, வந்துர்றேன்” என்றான். அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சைலன்சர் அவன் போகிற வழியை ஊருக்கே சொல்லிக்கொண்டு போயிற்று; இத்தனை நாள் அவள்தான் அதைக் கவனித்துக் கேட்கவில்லை. இடது பக்கம் மேட்டுக்குத் திரும்ப வேண்டிய சத்தம் நேராகப் போனது. ஏரிக்கரையில் ஏறியது. அக்கரையில் இறங்கியது. அப்புறம் ‘புடு புடு புடு’ என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டது.

அக்கரையில், அவள் ஊரில்.

அங்கே யாரிடம் போகிறான்? யோசிக்க யோசிக்க ஒரு பெண்ணின் முகத்தைவிட மோசமான ஒன்று மனதில் எழுந்தது. அம்மாவிடம்தான் போகிறானோ? ‘உங்க பொண்ண நீங்களே கூட்டிக்குங்க’ என்று பேசி முடிக்கிறானோ? வயிற்றில் பிள்ளை ஒரு புரட்டுப் புரண்டது.

“அருளு, கடையப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

“அண்ணி, இந்த ஒடம்போட ஏரிக்கரையில போவாதீங்க! பூரா குழி!”

அவள் காதில் அது விழவில்லை. குழிக்குக் குழி பிரேக்கைப் பிடித்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். புளியமரத்துத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினாள்.

அவள் தாய் வீட்டுப் படலுக்கு இருபதடி தள்ளி, வேலிக்காத்தான் புதர் மறைவில் சிவப்பு வண்டி நின்றது. அதன்மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மதியழகன் உட்கார்ந்திருந்தான். மடியில் மஞ்சள் பை. இறங்கப் போகிறவன் போல ஒரு காலை எடுத்தான். மறுபடி வைத்துக்கொண்டான். பிறகு இன்னொரு முறை எடுத்தான், வைத்தான்.

அதற்குள் படல் படாரென்று திறந்தது. பாஞ்சாலி வெளியே வந்தாள். கையில் ஆட்டுக்குத் தழை அறுக்கிற கொடுவாள்.

“எறங்குடா! தெனமும் இதே நேரத்துக்கு வந்து பட்டியவே நோட்டம் உட்டுக்கிட்டு இருக்கற! எந்த ஊரு ஆட்டுத் திருடன்டா நீ?”

“அய்யோ அத்தைங்க, நான்...”

“யாருக்குடா அத்த? மொகத்தக் காட்டுடா மொதல்ல!”

மதியழகன் பதறிப் போய் ஹெல்மெட்டை இழுத்தான். பதற்றத்தில் கை ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டது. சைலன்சர் ஒரு உறுமு உறுமியது. பட்டியில் இருந்த ஆடுகள் மூலைக்கு ஓடின.

முகத்தைப் பார்த்ததும் பாஞ்சாலியின் கையில் கொடுவாள் தாழ்ந்தது. ஆனால் குரல் தாழவில்லை.

“நீயா? ஒரு பொட்டப்புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போனது பத்தலன்னு ஆட்டுக்கும் வந்துட்டியா?”

“ஆட்டுக்கு இல்லைங்க. பிரியாவுக்கு வர்ற மாசம் ஏழு பொறக்குது. வளையல் போடணும். தாய் வூட்டுல மொதல்ல சொல்லணும்னு பெரியவங்க சொன்னாங்க. பூவும் பழமும் வெச்சி அழைக்கலாம்னு தெனம் வர்றேன். வந்தா எறங்க முடியல.”

“அதுக்கு அந்தச் சனியன நிறுத்திட்டு வர்றதுக்கு என்ன?”

“நிறுத்தினா தைரியமும் சேந்து நின்னுருங்க.”

புளியமரத்தடியில் தேவிப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

“புல் த்ராட்டில்லுல மேட்டுல ஏத்துனீங்களா? உச்சியில ஆப் பண்ணீங்களா?”

மதியழகன் திரும்பினான். அவன் முகம் பிளக்கை விடக் கறுத்தது. “பிரியா! நீ எப்பிடி...”

“உங்க பேச்ச நம்பி நல்லா இருந்த ஜெட்ட ரெண்டு தடவ மாத்தி இருக்கேன். இந்த வயித்தோட குனிஞ்சி! எங்கிட்டச் சொல்றதுக்கு என்னா?”

“சொல்லிட்டு வந்து, இவங்க மூஞ்சியில அடிச்சாப்பல வர மாட்டேன்னுட்டாங்கன்னா? நீ தாங்குவியா? அதான், சரின்னு சொன்னப்பறம் சொல்லலாம்னு...”

“அதுக்குப் பொய் சொல்வீங்களா?”

பாஞ்சாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளின் வயிற்றை மட்டும் பார்க்காமல் பார்த்தாள்.

“பொய்யா சொன்னான்?”

“சொன்னாரும்மா.”

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த ‘அம்மா’ வாயிலிருந்து தானாகவே விழுந்துவிட்டது. இருவருமே அதைக் கேட்டார்கள். இருவருமே கேட்காதது போல நின்றார்கள்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“சொன்ன.”

“சொன்னாலும் இங்க வர மாட்டேன்னு நீயும் சொன்ன.”

“சொன்னேன்.”

புடு புடு புடு என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. மதியழகன் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றான். பாஞ்சாலி கொடுவாளைப் படலின் மேல் செருகினாள். இப்போது அவள் கண் மகளின் வயிற்றில்தான் இருந்தது. கன்னத்தில், வீங்கிய பாதத்தில், குழியில் இறங்கி மண் அப்பிய புடவைக் கரையில் இருந்தது. மருமகன் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“அத மொதல்ல நிறுத்துடா! காது போவுது!”

அவன் அணைத்தான்.

அந்தச் சத்தம் நின்றதும் ஊரே காலியானது போல இருந்தது. பட்டியில் ஒரு குட்டி தாய் மடியை முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தேவிப்பிரியாவுக்கு மறைந்துகொள்ள ஒன்றும் இல்லை. திரும்பிப் போகலாம், ஸ்கூட்டி புளியமரத்தடியில்தான் நிற்கிறது. அம்மா வாய் திறந்து ‘போடி’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் நம்பரைப் போட்டு அணைக்கக்கூட வழி இருக்காது. படலின் குறுக்குக் கழியைப் பிடித்துக்கொண்டாள். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, பிரசவத்துக்கு நீ வந்து எங்கூட இரும்மா. எனக்குப் பயமா இருக்குது.”